கெக்கோவின் தலையீற்று முட்டைகள்: கேள்வி பதில்

வீட்டில் வளர்க்கும் புள்ளிப் பல்லியான லெப்பர்ட் கெக்கோ பற்றி மட்டும் கேளுங்கள். எனக்குத் தெரிந்தது அதுதான்.

கே: நேற்றிரவு இரண்டு முட்டை இட்டிருக்கிறது. முதலில் என்ன செய்வது?

ப: மேல்பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். பொரிக்கும்வரை அது மேலேயே இருக்க வேண்டும். ஒரு நாளிலேயே கரு ஓட்டின் உள்பக்கம் ஒட்டத் தொடங்கிவிடும், அப்புறம் உருட்டினால் ஆபத்து. மூடியுள்ள டப்பாவில் வெர்மிகுலைட் (ஈரம் பிடித்துவைக்கும் கனிமத் துகள்), அதே எடைக்குத் தண்ணீர். பிழிந்தால் ஓரிரு சொட்டுக்கு மேல் வரக்கூடாது. முட்டையைப் பாதி புதையுங்கள், மேலே தண்ணீர் தெளிக்காதீர்கள். வாரம் ஒருமுறை திறந்து மூடினால் காற்று மாறும். தாய்க்குக் கால்சியம் கொடுங்கள். முட்டை வந்த உற்சாகத்தில் எல்லாரும் அதை மறந்துவிடுகிறார்கள்.

கே: பெண் குட்டிதான் வேண்டும். எத்தனை டிகிரி?

ப: 26–27 டிகிரியில் பெரும்பாலும் பெண், இரண்டு மாதம் பொறுக்க வேண்டும். 32-ஐ ஒட்டி ஆண் அதிகம், சீக்கிரமும் பொரிக்கும். 34-ஐத் தாண்டினால் மறுபடி பெண்தான், ஆனால் அந்தச் சூட்டில் கருவே போய்விடலாம். சூட்டை ஒரே அளவில் வைக்கும் தெர்மோஸ்டாட் இல்லாமல் இறங்காதீர்கள்.

கே: கோழி இன்குபேட்டர் போதுமா?

ப: உருட்டும் தட்டைக் கழற்றி, சூட்டை 27-க்கு இறக்க முடிந்தால் போதும்.

கே: கோழி தினமும் உருட்டுகிறதே, இதற்கு மட்டும் ஏன் கூடாது?

ப: கோழி முட்டையில் மஞ்சள் கருவை இரு பக்கமும் முறுக்குக் கயிறு பிடித்திருக்கும். பல்லி முட்டையில் அது கிடையாது. தாய் மண்ணில் இட்டு மூடிவிட்டுப் போய்விடும், அங்கே யார் வந்து உருட்டுவது?

கே: நான் தவறி உருட்டிய முட்டை பொரித்ததே!

ப: பொரித்திருக்கும். நான் ஒரு டப்பாவையே கீழே போட்டேன். ஒன்று பொரித்தது, ஒன்று செத்தது. அதற்காக டப்பாவைக் கீழே போடலாம் என்று யாருக்கும் சொல்வதில்லை.

கே: அனுபவத்தை மதிக்க மாட்டீர்களா?

ப: மதிக்கிறேன். செத்த முட்டையும் என் அனுபவம்தான்.

கே: முட்டையில் பள்ளம் விழுந்திருக்கிறது.

ப: எத்தனையாவது நாள்? முதல் வாரங்களில் என்றால் ஈரம் போதவில்லை, ஓரமாகச் சில சொட்டு விடுங்கள். கடைசி நாட்களில் என்றால் பொரிக்கப்போகிறது, கை வைக்காதீர்கள்.

கே: உயிர் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

ப: பத்து நாள் கழித்து இருட்டில் டார்ச் அடியுங்கள். சிவப்பு நரம்பு தெரிந்தால் உயிர் உண்டு. வெறும் மஞ்சளாகவே இருந்தால் பெரும்பாலும் கூமுட்டை. தலையீற்றில் அது சகஜம். ஆனாலும் அமுங்கி நாறும்வரை எறிய வேண்டாம்.

கே: டார்ச் அடிக்கத் திருப்பலாமா?

ப: புள்ளி மேலே.

கே: ஆணே இல்லை, எப்படி முட்டை?

ப: இணை இல்லாமலும் இடும், அது கூமுட்டை. உங்களிடம் வருமுன் இணைந்திருந்தால் விந்தைச் சேமித்து வைத்திருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள்.

கே: என் க்ரெஸ்டட் கெக்கோவுக்கும் 27 டிகிரிதானா?

ப: முதல் வரியைப் படியுங்கள். சரி, அதற்கு 22–25.

கே: பொரித்து இரண்டு நாளாகிறது, குட்டி எதுவும் தின்னவில்லை.

ப: முதல் தோலை உரித்த பிறகுதான் தின்னும். மூன்று நான்கு நாளாகும், ஈரத் தாள்மேல் விடுங்கள்.

கே: முட்டையில் பள்ளம்...

ப: எத்தனையாவது நாள்?