எல்லோரும் அங்கே இருக்கிறார்கள் என்பதற்காக

அன்புள்ள ஆசிரியருக்கு,

திருச்சியில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், விடுதியில் தங்கியிருக்கிறேன். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் எதிலும் நான் இல்லை. வீட்டில் யாரும் தடுக்கவில்லை, எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் தோழிகள் விடுவதாக இல்லை. ‘சீன் போடாதே’ என்கிறார்கள். மெஸ்ஸில் ஏதோ ஒரு ரீலைச் சொல்லி எல்லோரும் சிரிக்கும்போது என்னவென்று கேட்டால், ‘விடு, உனக்குச் சொன்னா புரியாது.’ போன மாதம் ஒருத்தியின் பிறந்தநாளுக்கு எங்கே கூடுவது என்பதை இன்ஸ்டாவிலேயே பேசி முடித்துவிட்டார்கள், எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. நான் செய்வது சரியா? பேருக்காவது ஒரு அக்கவுண்ட் தொடங்கி வைக்கட்டுமா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

அந்தப் பிறந்தநாள் விஷயம் வலித்திருக்கும். அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருபது வயதில் மெஸ் மேஜையில் ஒரு சிரிப்புக்கு வெளியே உட்கார்ந்திருப்பது சாதாரண விஷயம் இல்லை.

ஆனால் அங்கே இருக்கிற எல்லோரும் ஆசைப்பட்டுத்தான் இருக்கிறார்கள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் சில பொருளாதார அறிஞர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களிடம் ஓர் ஆய்வு செய்து 2023இல் வெளியிட்டார்கள். நான்கு வாரம் டிக்டாக்கை விட்டு விலகி இருக்க எவ்வளவு பணம் வேண்டும் என்று கேட்டபோது சராசரியாக 59 டாலர் கேட்டார்கள். சரி, உங்களோடு சேர்ந்து மற்ற மாணவர்களும் விலகுவதாக இருந்தால்? அப்போது கதையே மாறிவிட்டது. எல்லோரும் ஒன்றாக விலக, தங்கள் கையிலிருந்தே சராசரியாக 28 டாலர் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். இன்ஸ்டாகிராமிலும் இதே போக்குதான், தொகைதான் குறைவு. அதாவது அவர்களில் நிறையப் பேர் அங்கே இருப்பதற்குப் பெரிய காரணம் மற்றவர்கள் அங்கே இருப்பதுதான். உங்களைக் கேலி செய்கிற தோழிகளிலும் இப்படிச் சிலர் இருக்கக்கூடும், தனியாக இருக்கும்போது ஒருத்தியிடம் கேட்டுப் பாருங்கள்.

நம் ஊரிலேயே பார்த்தோமே. 2020 ஜூன் கடைசியில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள், அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸை இங்கே கொண்டுவந்தது, கூட்டம் பெரும்பாலும் அங்கே இடம் மாறியது. அதற்கு முன்னால் ஆர்குட் என்ற சமூக வலைத்தளம் இல்லாமல் இருக்கவே முடியாது என்றிருந்த காலமும் உண்டு, அது 2014இல் மூடப்பட்டது, யாரும் அதற்காக வருந்தித் திரியவில்லை.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். இன்ஸ்டாகிராமையும் ஃபேஸ்புக்கையும் நடத்தும் மெட்டாவின் வருமானத்தில் ஏறக்குறைய எல்லாமே விளம்பரத்திலிருந்து வருவது. நீங்கள் எவ்வளவு நேரம் பார்க்கிறீர்களோ அவ்வளவு விளம்பரம். ஃபேஸ்புக்கின் முதல் தலைவராக இருந்த ஷான் பார்க்கரே 2017இல், பார்ப்பவர்களின் நேரத்தையும் கவனத்தையும் முடிந்தவரை எடுத்துக்கொள்வது எப்படி என்று யோசித்துத்தான் இதைக் கட்டினோம், மனித மனத்தின் ஒரு பலவீனத்தைத் தெரிந்தே பயன்படுத்தினோம் என்ற பொருளில் வெளிப்படையாகப் பேசினார். அப்படிக் கட்டப்பட்ட ஒன்று எனக்கு வேண்டாம் என்று இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி சொன்னால் அதில் சீன் எங்கே இருக்கிறது? எனக்கு உங்கள்மேல் மரியாதைதான் வருகிறது.

அப்புறம், விலகி இருந்தால் வாழ்க்கை தானாக அழகாகிவிடும் என்றும் நம்ப வேண்டாம். 2018இல் அமெரிக்காவில் சிலருக்குப் பணம் கொடுத்து நான்கு வாரம் ஃபேஸ்புக்கை நிறுத்தச் சொல்லி ஆராய்ந்தார்கள். ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் மிச்சமானது, மனநிலை கொஞ்சம் மேம்பட்டது, வீட்டாரோடும் நண்பர்களோடும் கூடுதல் நேரம் இருந்தார்கள். தனியாக உட்கார்ந்து டிவி பார்ப்பதும் கூடியது, நாட்டு நடப்பு தெரிவது குறைந்தது. மிச்சமாகும் நேரத்தை என்ன செய்வது என்பது உங்கள் கையில் இருக்கிறது.

தோழிகள் விஷயத்தில் வேலை உங்களுடையது, இதைத் தட்டிக்கழிக்க முடியாது. அவர்கள் ஒரே பதிவில் பத்துப் பேருக்குச் சொல்வதை நீங்கள் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பிறந்தநாள் தேதிகளை எழுதி வையுங்கள், முந்தின நாளே நீங்களாகப் போய் ‘நாளைக்கு எங்கே போறோம்?’ என்று கேளுங்கள். மெஸ்ஸில் ரீலைப் பற்றிப் பேசினால் ‘காட்டு, நானும் பார்க்கிறேன்’ என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், அதில் உங்கள் கொள்கை ஒன்றும் கெட்டுவிடாது. அவர்கள் போனில் கிடப்பதைப் பற்றி மட்டும் உபதேசம் செய்யாதீர்கள், கேலியைவிட அது நட்பைச் சீக்கிரம் முறிக்கும். வகுப்பு அறிவிப்பு வாட்ஸ்அப்பில் வருகிறதென்றால் அது இருக்கட்டும், நாளைக்கு வேலை தேடும்போது லிங்க்ட்இன் தேவைப்பட்டால் அன்றைக்குத் தொடங்கிக்கொள்ளலாம்.

பேருக்கு ஒரு அக்கவுண்ட் வேண்டாம். சும்மா பார்ப்பதற்கென்று தொடங்கினாலும் அந்தத் திரை எல்லோருக்கும் உருள்வது போலத்தான் உங்களுக்கும் முடிவில்லாமல் உருளும், அதோடு ‘ஏன் லைக் போடல, ஏன் ஸ்டோரி பாக்கல’ என்று கேள்வி வேறு வரும். அந்தக் குழுவில் உங்களோடு நெருக்கமானவள் யாரோ, அவளிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்: ‘எங்கே கூடினாலும் எனக்கு ஒரு போன் போடு.’