பக்லாவா ஏன் அடியில் நமத்துப்போகிறது?

கேள்வி: துபாயில் சாப்பிட்ட பக்லாவாவை (மெல்லிய மாவு ஷீட்டுகளுக்கிடையே பிஸ்தா போன்ற பருப்பு வைத்துச் சுட்டு, மேலே சர்க்கரைப் பாகு ஊற்றும் இனிப்பு) வீட்டில் செய்ய ஆசைப்பட்டு, ஃபிலோ என்ற அந்தக் காகிதம் போன்ற மாவு ஷீட்டை ஃப்ரோசனாக வாங்கி இரண்டு முறை முயன்றேன். முதல் முறை மேலே நல்ல பொன்னிறம், அடியில் நனைந்த காகிதம் மாதிரி ஆகிவிட்டது. இரண்டாம் முறை மறுநாளே பாகு வெள்ளையாகச் சர்க்கரை பூத்துவிட்டது. என்னிடம் இருப்பது சிறிய ஓடிஜி (மேலும் கீழும் கம்பி சூடாகும் மின் அடுப்பு). வெண்ணெய்க்குப் பதில் நெய் போடலாமா? ஃபிலோ கிடைக்காவிட்டால் சமோசா பட்டி சரிவருமா? (திருச்சி வாசகி)

பதில்: அடி நமத்துப்போனால், பாகு அதிகமாகிவிட்டது என்றுதான் முதலில் தோன்றும். அடுத்த முறை பாகைக் குறைத்துப் பார்ப்போம். அப்போதும் அடி அப்படியேதான் இருக்கும். உண்மையில் அங்கே ஷீட் வேகவில்லை. முழுதாகக் காய்ந்த ஷீட் அடுக்குகளுக்கிடையே பாகு போய்த் தங்கும், ஷீட் மொறுமொறுப்பாகவே இருக்கும். உள்ளே ஈரம் மிச்சமிருக்கும் ஷீட் இன்னும் மாவுதான். பாகு பட்டதும் களியாகிவிடும். அதனால் பக்லாவா செய்யும்போது ஒரே விஷயத்தை மனதில் வையுங்கள்: தண்ணீர் முழுக்க வெளியே போன பிறகுதான் பாகு உள்ளே வர வேண்டும். மற்ற எல்லாக் குறிப்பும் இதிலிருந்து வருவதுதான்.

சிறிய ஓடிஜியில் மேல் கம்பி தட்டுக்கு மிக அருகில் இருக்கும். இருபது நிமிடத்தில் மேலே சிவந்துவிடும், நாமும் ஆயிற்று என்று எடுத்துவிடுவோம். தட்டை ஆகக் கீழ்த்தட்டில் வையுங்கள். இரண்டு கம்பியும் எரியட்டும், 160 டிகிரி, 50 முதல் 60 நிமிடம். மேலே சீக்கிரம் நிறம் ஏறினால் ஃபாயிலைத் தளர்வாக மூடிவிட்டுத் தொடருங்கள். கண்ணாடித் தட்டு வேண்டாம். அலுமினியத் தட்டில் அடிச்சூடு நன்றாக ஏறும். வெந்ததா என்று மேல் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கத்தியால் ஒரு மூலைத் துண்டைத் தூக்கி அதன் அடியைப் பாருங்கள். அடியும் பொன்னிறமாக, தட்டினால் கலகலவென்று இருந்தால்தான் அடுப்பை அணைக்கலாம்.

நெய் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போடலாம், வெண்ணெயை விட அதுதான் சரி. வெண்ணெயில் நூற்றுக்கு 16 பங்கு வரை தண்ணீர் இருக்கிறது. நாம் விரட்ட நினைக்கும் ஈரத்தை நாமே ஒவ்வொரு ஷீட்டிலும் தடவியதாகிவிடும். அதிலுள்ள பால் திப்பிகள் கருகிப் பழுப்புப் புள்ளிகளாகவும் நிற்கும். பக்லாவாவுக்குப் பேர்போன துருக்கியின் காஸியான்டெப் நகரில், ஆட்டுப்பால் வெண்ணெயை உருக்கி, நுரையும் திப்பியும் தண்ணீரும் நீக்கிய ‘சாதே யா’ என்ற கொழுப்பைத்தான் ஊற்றுகிறார்கள். நம் நெய்க்கு அது நெருங்கிய சொந்தம். ஒன்றே ஒன்று, நம் வீட்டில் நெய்யை மணம் வர முறுக்கிக் காய்ச்சுவோம், முருங்கைக்கீரையும் போடுவோம். அந்த மணம் பிஸ்தாவை அமுக்கிவிடும். இதற்கென்று கொஞ்சம் வெண்ணெயை இளந்தீயில் உருக்கி, சடசடப்பு அடங்கியதும் நிறம் மாறுமுன் வடிகட்டிக்கொள்ளுங்கள்.

ஃபிலோவைக் கையாள்வதில்தான் பலர் பொறுமை இழக்கிறார்கள். பாக்கெட்டை ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஓர் இரவு கீழே ஃப்ரிட்ஜில் வைத்து, பிறகு பிரிக்காமலே இரண்டு மணி நேரம் வெளியே வையுங்கள். சில்லென்று இருக்கும்போது பிரித்தால் காற்றின் ஈரம் ஷீட்டின் மேல் வியர்த்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வெளியே எடுத்த ஷீட்டுகளின் மேல் முதலில் ஒரு பிளாஸ்டிக் தாள், அதன் மேல் பிழிந்த ஈரத்துணி. துணி நேரடியாகப் படக் கூடாது. ஒன்றிரண்டு கிழிந்தால் கவலையே வேண்டாம், நடு அடுக்கில் வைத்துவிடுங்கள்.

பருப்புக்குப் பிஸ்தாதான் என்றில்லை. கிரேக்கத்தில் வால்நட்டும் பட்டையும் கிராம்பும் சேர்ப்பார்கள். லெபனானில் முந்திரி வைத்தும் செய்கிறார்கள், பாகில் ஆரஞ்சுப் பூ நீர் விடுவார்கள். எதுவானாலும் உப்புப் போடாத, வறுக்காத பருப்பாக வாங்குங்கள். ஒரு மணி நேரம் அடுப்பில் இருக்கப்போகிறதே, முன்பே வறுத்தால் கசந்துவிடும். மிக்ஸியில் விட்டுவிட்டு இரண்டு மூன்று முறை மட்டும் சுற்றுங்கள். ரவையை விடப் பெரிதாக இருக்கட்டும். மாவாக்கினால் எண்ணெய் விட்டுக் கெட்டியாகி, பாகு இறங்க வழியில்லாமல் போகும்.

அடுக்கியதும், அடுப்பில் வைக்கும் முன்பே, அடித்தட்டைக் கத்தி தொடும்வரை துண்டு போட்டுவிட வேண்டும். நானும் முதலில் பாதி ஆழம்தான் கீறுவேன், அடியில் பாகு இறங்காமல் மேலே குளம் கட்டி நிற்கும். வெந்த பிறகு வெட்டப் பார்த்தால் ஷீட் நொறுங்கிக் கொட்டும். ஒவ்வொரு ஷீட்டுக்கும் பிரஷ்ஷால் நெய் தடவலாம். துருக்கியில் செய்வதுபோல், துண்டு போட்டபின் சூடான நெய்யை மொத்தமாக மேலே ஊற்றுவதும் உண்டு. ஃபிலோ வாங்கிச் செய்பவர்களுக்குப் பிரஷ் முறையே நல்லது.

சரி, பாகுக்கு வருவோம். சர்க்கரை பூத்ததற்கு உங்கள் கைப்பக்குவமே காரணமாக இருக்கலாம். அதிரசமும் பொரிவிளங்காயும் செய்து பழகிய கை, பாகு என்றாலே கம்பிப் பதத்தைத் தேடும். பக்லாவாவுக்குக் கம்பியே வரக் கூடாது. விரல்களுக்கிடையில் எண்ணெய் மாதிரி பிசுக்கென்று ஒட்டினால் போதும், குலாப் ஜாமூன் பாகை விட ஒரு படி கெட்டி, அவ்வளவுதான். தெர்மாமீட்டர் இருந்தால் 104, 105 டிகிரி. கொதி வந்தவுடன் எலுமிச்சைச் சாறு சேருங்கள். அதன் அமிலம் சர்க்கரையில் ஒரு பகுதியைக் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸுமாகப் பிரித்துவிடும். இப்படிக் கலந்திருக்கும்போது பாகு எளிதில் பூக்காது. கொதிக்க ஆரம்பித்த பிறகு கரண்டி போட்டுக் கிளறாதீர்கள். பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய சர்க்கரையை நனைத்த பிரஷ்ஷால் துடைத்துவிடுங்கள். அங்கிருந்து விழும் ஒரு மணிகூட முழுப் பாகையும் பூக்கவைக்கும்.

ஊற்றும் சூட்டில் ஆளுக்கொரு முறை இருக்கிறது. காஸியான்டெப் கடைகளில் அடுப்பிலிருந்து வந்த தட்டில் கொதிக்கும் பாகையே ஊற்றுகிறார்கள். அவர்களுடைய ஷீட்டும் அடுப்பும் அதைத் தாங்கும். நம் வீட்டுக்கு, சூடான பக்லாவாவில் ஆறிய பாகு என்பதே பத்திரமான வழி. இரண்டும் சூடாக இருந்தால் எழும் ஆவி மறுபடியும் ஷீட்டுக்குள்ளேதான் போகும். ஊற்றும்போது சுர்ரென்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் தட்டு ஆறிவிட்டது என்று அர்த்தம்.

சமோசா பட்டி வேண்டாம். அது தவாவில் அரைவேக்காடாகச் சுட்ட, தடித்த பட்டி. எண்ணெயில் பொரிப்பதற்கு நல்லது, அடுக்கினால் பிஸ்கட் மாதிரி இறுகிவிடும். ஃபிலோ கிடைக்காவிட்டால் துருக்கிய வீடுகளில் செய்வதுபோல் செய்யுங்கள். மைதா, ஒரு முட்டை, கொஞ்சம் தயிர், உப்பு சேர்த்து மிருதுவாகப் பிசைந்து, ஒரு மணி நேரம் மூடி வைத்து, சிறு உருண்டைகளாகப் பூரி அளவுக்குத் தேயுங்கள். ஒவ்வொன்றின் மேலும் கார்ன்ஃப்ளாரைத் தாராளமாகத் தூவி, எட்டுப் பத்தாக அடுக்கி, அடுக்கை ஒன்றாகவே தட்டின் அளவுக்குத் தேய்க்க வேண்டும். கடை ஷீட் அளவுக்கு மெல்லிசாக வராது, ஆனால் ருசி அதைவிட நன்றாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம். பிஸ்தா, நெய், ரவை சேர்த்த பால் கூழ் என்று காஸியான்டெப் பக்லாவாவுக்கென்றே ஓர் இலக்கணம் இருக்கிறது. 2013-ல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்குப் புவிசார் குறியீடு கொடுத்தது, துருக்கியிலிருந்து அதைப் பெற்ற முதல் பொருள் அதுதான். அங்கேயும் வீட்டில் செய்பவர்களின் ஷீட் கொஞ்சம் தடிப்பாகத்தான் இருக்கும்.

மூன்றாம் முறைக்கு முழுப் பாக்கெட் வேண்டாம். 20 சென்டிமீட்டர் சதுரத் தட்டுக்கு ஃபிலோ 225 கிராம், பருப்பு 200, நெய் 125. பாகுக்குச் சர்க்கரை 250 கிராம், தண்ணீர் 150 மில்லி, எலுமிச்சைச் சாறு ஒரு டீஸ்பூன். அடியில் பத்து ஷீட், பருப்பு, மேலே பத்து ஷீட். பாகை முதலில் காய்ச்சி ஆறவிடுங்கள்.

பாகு ஊற்றிய தட்டைச் சூடாக இருக்கும்போது மூடாதீர்கள், மூடியில் வியர்க்கும் தண்ணீர் திரும்ப மேலேயே சொட்டும். மெல்லிய துணி போர்த்தி ஏழெட்டு மணி நேரம் விடுங்கள். அதற்கு முன் சாப்பிட்டால் பாகு ஒரு பக்கம், ஷீட் ஒரு பக்கம் என்று தனித்தனியாகத் தெரியும். ஃப்ரிட்ஜில் வைத்தால் நெய் உறைந்து ஷீட் வதங்கிவிடும். டப்பாவில் போட்டு வெளியிலேயே நாலைந்து நாள் வைக்கலாம். மிச்ச ஃபிலோவை மறுபடி ஃப்ரீசரில் போட்டால் பொடிந்துபோகும். அதற்குப் பதில் இன்னொரு சிறு தட்டில் அடுக்கி, துண்டு போட்டு, வேகவைக்காமல் அப்படியே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். விருந்தாளி வரும் நாளில் நேராக அடுப்புக்குப் போகலாம், பத்து நிமிடம் கூடுதலாக எடுக்கும்.