ஆறாம் வகுப்பில் அட்வான்ஸ்டு கணிதமா, வழக்கமான கணிதமா?

கேள்வி: டெக்சஸில் டல்லாஸ் அருகே வசிக்கிறோம். மகள் ஐந்தாம் வகுப்பை முடித்துவிட்டாள்; ஆகஸ்டில் நடுநிலைப் பள்ளிக்குப் போகிறாள். அவளை ஆறாம் வகுப்பில் அட்வான்ஸ்டு கணிதத்தில் சேர்த்திருப்பதாகவும், விருப்பமில்லையென்றால் எழுதித் தர வேண்டும் என்றும் பள்ளியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. ஆங்கிலம், அறிவியல், சமூக அறிவியல் மூன்றிலும் அட்வான்ஸ்டு வேண்டுமா என்பதை நாங்களே தீர்மானிக்கலாமாம். நான்கையும் எடுக்கலாம் என்கிறார் கணவர். மகளோ, தோழி வழக்கமான வகுப்புக்குப் போவதால் தனக்கும் அதுவே போதும் என்கிறாள். வாரம் இருமுறை கணித டியூஷனுக்குப் போகிறாள், மதிப்பெண்ணுக்குக் குறைவில்லை. எப்படி முடிவெடுப்பது?

பதில்: கணிதத்தை மற்ற மூன்று பாடங்களிலிருந்து பிரித்துவிடுங்கள். ஆங்கிலத்தில் இந்த ஆண்டு வழக்கமான வகுப்பில் படித்துவிட்டு, அடுத்த ஆண்டு அட்வான்ஸ்டு வகுப்புக்குப் போனால் பெரிதாக எதுவும் விட்டுப்போகாது. கணிதம் அப்படியல்ல. ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று வகுப்புப் பாடத்தையும் அட்வான்ஸ்டு மாணவர்கள் இரண்டே ஆண்டுகளில் முடித்துவிட்டு, எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 படிக்கிறார்கள். பாதியில் ஏறுவதென்றால், இடையில் விட்டுப்போன பாடங்களைக் கோடை விடுமுறையில் தனியாகப் படித்தாக வேண்டும்.

உங்களுக்கு வந்த கடிதத்துக்குப் பின்னால் 2023-இல் டெக்சஸ் சட்டமன்றம் நிறைவேற்றிய ஒரு சட்டம் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பில் மாநிலம் நடத்தும் ஸ்டார் கணிதத் தேர்விலோ அதற்கு இணையான உள்ளூர் மதிப்பீட்டிலோ முதல் 40 சதவீதத்துக்குள் வரும் மாணவர்களை, பெற்றோர் மறுத்தாலன்றி, பள்ளியே ஆறாம் வகுப்பு அட்வான்ஸ்டு கணிதத்தில் சேர்த்துவிட வேண்டும். விவரம் தெரிந்த பெற்றோர் கேட்டால்தான் இடம் என்றிருந்தால், தகுதியுள்ள பல குழந்தைகள் கேட்க ஆளில்லாமல் வெளியே நின்றுவிடுவார்கள். அந்த வகையில் இதை நல்ல சட்டம் என்றே சொல்வேன். ஆனால் இந்தக் கடிதம் உங்கள் மகளின் மதிப்பெண்ணைப் பார்த்து அனுப்பப்பட்டது. அந்த மதிப்பெண் எப்படி வந்தது என்பதை வீட்டில் நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

இன்று மாலையே அவளிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். ஒரு டம்ளரில் 2 கரண்டி டிகாக்‌ஷன், 3 கரண்டி பால். இன்னொன்றில் 3 கரண்டி டிகாக்‌ஷன், 4 கரண்டி பால். எந்தக் காபி திடமாக இருக்கும்? நன்றாக மதிப்பெண் வாங்கும் குழந்தைகளில் பலர், “இரண்டிலும் பால் ஒரு கரண்டிதான் கூடுதல், அதனால் இரண்டும் ஒன்றுதான்” என்பார்கள். கூட்டல் கழித்தலில் ஊறிய மனம் அப்படித்தான் யோசிக்கும். இரண்டிலும் டிகாக்‌ஷனை 6 கரண்டியாக்கினால் முதல் காபிக்கு 9 கரண்டி பால், இரண்டாவதற்கு 8 கரண்டி. ஆகவே இரண்டாவதுதான் திடம். இதை அவள் எந்த வழியிலாவது, படம் போட்டாவது, தானே கண்டுபிடிக்கிறாளா என்று பாருங்கள். விகிதம்தான் ஆறாம், ஏழாம் வகுப்புக் கணிதத்தின் முதுகெலும்பு. எட்டாம் வகுப்பில் வரும் நேர்கோட்டின் சாய்வும் அதே சிந்தனைதான்.

அடுத்து, முக்கால் கப்பை அரை கப்பால் வகுக்கச் சொல்லுங்கள். தலைகீழாக்கிப் பெருக்கி ஒன்றரை என்று அரை நொடியில் சொல்லிவிடுவாள். டியூஷன் அதற்குப் பழக்கியிருக்கும். “அந்த ஒன்றரை எதைக் குறிக்கிறது?” என்று கேளுங்கள். முக்கால் கப் மாவை அரை கப்பால் அளந்தால் ஒன்றரை முறை வரும் என்று சொல்லத் தெரிந்தால் அஸ்திவாரம் பலமாக இருக்கிறது. அமெரிக்காவின் தேசியக் கணித ஆலோசனைக் குழு 2008-இல் வெளியிட்ட அறிக்கை, அல்ஜீப்ராவுக்கு ஆயத்தமாவதில் பின்னங்களுக்குத் தனி அழுத்தம் கொடுத்தது. பின்னத்தில் தடுமாறும் பிள்ளைகள் அல்ஜீப்ராவில் படும் பாட்டைப் பார்த்த எந்த ஆசிரியருக்கும் அதன் காரணம் புரியும்.

இந்த இரண்டு கேள்விகளிலும் விடையைவிட, விடை தெரியாத அந்த ஐந்து நிமிடங்களில் அவள் என்ன செய்கிறாள் என்பதை அதிகம் கவனியுங்கள். பென்சிலை எடுத்துக் கிறுக்கிப் பார்க்கிறாளா, அல்லது “இது எனக்குச் சொல்லித்தரவில்லை” என்று உங்கள் முகத்தைப் பார்க்கிறாளா? அட்வான்ஸ்டு வகுப்பு வேகமாகப் போகும். ஆசிரியர் ஒரே வகைக் கணக்கை இருபது முறை செய்யவைக்கமாட்டார். முதல்முறை புரியாவிட்டால் கலங்காமல் கையைத் தூக்கிக் கேட்கும் பிள்ளைக்கு அந்த வகுப்பு ஒத்துவரும். டியூஷனில் முன்கூட்டியே படித்ததால் மட்டுமே வேகமாக இருப்பவளுக்கு, புதுப் பாடம் தொடங்கியதும் மூச்சு முட்டும். அதனால் இந்தக் கோடையில் அடுத்த ஆண்டுப் பாடத்தை டியூஷனில் முடித்துவைக்காதீர்கள்.

உங்கள் கணவரின் கவலையும் எனக்குப் புரிகிறது. தமிழ்நாட்டில் மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்களுக்குப் பத்தாம் வகுப்பு வரை எல்லாருக்கும் ஒரே கணிதம்தான். பதினொன்றில் முதல் குரூப் கிடைக்காவிட்டால் பொறியியல் இல்லை என்ற பயம் நம் எலும்பில் ஊறியது. அந்தக் கண்ணோடு பார்க்கும்போது, வழக்கமான வகுப்பு என்றாலே கதவு மூடிவிட்டதாகத் தோன்றுகிறது. இங்கே அப்படியில்லை. எட்டில் அல்ஜீப்ரா 1 படித்தால், ஆண்டுக்கு ஒரு பாடமாக ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா 2, பிரீகால்குலஸ் முடித்துப் பன்னிரண்டாம் வகுப்பில் கல்லூரித் தரத்திலான ஏபி கால்குலஸ் படிக்கலாம். ஒன்பதில் அல்ஜீப்ரா 1 தொடங்குபவர்களும், பத்தாம் வகுப்பில் ஜியோமெட்ரியையும் அல்ஜீப்ரா 2-ஐயும் சேர்த்துப் படித்து அதே இடத்துக்கு வந்துவிடலாம். அது உழைப்பான ஆண்டுதான்; ஆனால் பதினைந்து வயதில் தானே விரும்பி எடுக்கும் சுமையைப் பிள்ளைகள் நன்றாகவே தாங்குகிறார்கள்.

பெற்றோர் பலர் கேட்கத் தவறும் ஒரு விஷயம் இது: எட்டாம் வகுப்பில் படித்தாலும் அல்ஜீப்ரா 1 உயர்நிலைப் பள்ளிப் பாடம். அதற்கு உயர்நிலைப் பள்ளி கிரெடிட் உண்டு, மாநில ஸ்டார் தேர்வும் உண்டு. அந்த மதிப்பெண் ஜிபிஏ எனும் உயர்நிலைப் பள்ளிச் சராசரிக் கணக்கில் சேருமா என்பது ஒவ்வொரு கல்வி மாவட்டத்திலும் ஒவ்வொரு மாதிரி. பள்ளி கவுன்சிலரிடம் இதைக் கேட்கும்போது, வகுப்பு ஒத்துவராவிட்டால் எந்தத் தேதிக்குள் மாறலாம், மாறினால் அதுவரை எடுத்த மதிப்பெண் என்னாகும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். காபிக் கணக்கைத் தானாகவோ, நீங்கள் கொடுத்த சிறு குறிப்போடோ அவள் பிடித்துவிட்டால் கணிதத்தில் அட்வான்ஸ்டு வகுப்பே இருக்கட்டும்; மறுப்புக் கடிதம் தர வேண்டாம். தோழி பிரிந்துவிடுவாளே என்பது அவளுக்கு உண்மையான கவலை. அதைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளாதீர்கள். மதிய உணவு வேளையிலும் விருப்பப் பாட வகுப்பிலும் இருவரும் சேர்ந்திருக்க வழியுண்டா என்று பள்ளியில் விசாரித்துச் சொன்னால் பாதி எதிர்ப்பு கரைந்துவிடும். யாரும் சொல்லாமலே புத்தகத்தை எடுத்துப் படிப்பவள் என்றால் ஆங்கிலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அறிவியலையும் சமூக அறிவியலையும் இந்த ஆண்டு விட்டுவிடுங்கள். வகுப்புக்கு வகுப்பு அறை மாறுவதும், பாடத்துக்கொரு ஆசிரியரும், லாக்கரும் பதினொரு வயதுக்குப் போதுமான புதுமை.

விகிதமும் பின்னமும் இன்னும் பிடிபடவில்லை என்றால் தயங்காமல் மறுப்புக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, வழக்கமான வகுப்பில் நிதானமாகப் படிக்க விடுங்கள். அட்வான்ஸ்டு வகுப்பில் சேர்ந்தால், முதல் மதிப்பெண் அட்டை வரும்வரை பொறுத்திருங்கள். அதுவரை சி கிரேடு வாங்கினாலும் பரவாயில்லை. ஆனால் வீட்டுப்பாடத்துக்கு உட்கார்ந்தாலே வாரத்தில் பல நாள் அழுகிறாள், உங்களில் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் ஒரு கணக்கும் நகரவில்லை என்றால், கவுன்சிலர் சொன்ன கடைசித் தேதிக்கு முன்பே ஆசிரியரைப் பார்த்துப் பேசி வகுப்பை மாற்றிவிடுங்கள்.