உயர்த்துவதற்கு முன் ஜீப்பின் அடியில் படுத்துப் பாருங்கள்

கேள்வி: ஐயா, என்னிடம் 1996ஆம் ஆண்டு பஜேரோ இருக்கிறது, 4எம்40 டீசல் எஞ்சின். வீடு வெள்ளவத்தை மரைன் டிரைவ் பக்கம். நக்கிள்ஸ் மலைப்பக்கம் போய்வர முன்பக்கத்தை உயர்த்தி, 265/70 ஆர்16 ரயர்களை எடுத்துவிட்டு 285/75 ஆர்16 போட யோசிக்கிறேன். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் விலையும் கேட்டுவிட்டேன். எதில் தொடங்கலாம்? (வெள்ளவத்தை வாசகர்)

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது மரைன் டிரைவ்தான். கடற்காற்றில் வரும் உப்பு நாள் முழுக்கச் சேஸியில், அதாவது வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில், படிகிறது. அதன்மேல் மலைச்சேறும் ஒட்டினால் ஈரம் காயாது, கறள் உள்ளிருந்தே தின்னும். சேஸியில் தண்ணீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். கம்பியால் குத்தி அவற்றைத் திறந்து, நல்ல தண்ணீரை உள்ளே பாய்ச்சுங்கள். பின்சில்லுகளுக்கு மேலே உள்ள சேஸி வளைவைச் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. சத்தம் மந்தமானால் அந்த இடம் உக்கியிருக்கலாம், வெல்டிங் பாஸிடம் காட்டுங்கள். கறளின் மேலேயே கறுப்புப் பூச்சை அடித்துத் தரும் கராஜ்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுகிற வேலை அது.

அடுத்தது டிஃபரென்ஷியல் ப்ரீதர். அச்சின் நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டிதான் டிஃபரென்ஷியல், அது மூச்சுவிடும் காற்றுத்துளை ப்ரீதர். ஓடிவந்த சூட்டோடு வண்டியை ஓடையில் இறக்கினால் டிஃபரென்ஷியலுக்குள் இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். ப்ரீதர் அடைபட்டிருந்தால் அது சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அப்புறம் ஒயிலைத் திறந்தால் பால்தேநீர் போல வரும், பல்சக்கரங்களும் பேரிங்குகளும் கெடும். ப்ரீதரில் ஒரு றப்பர் குழாயை மாட்டி எஞ்சின் அறை உயரத்துக்குக் கொண்டுபோனால் போதும். ஓடை கடக்கும் பாதையில் உயர்த்துவதைவிட இதுதான் உங்களைக் காப்பாற்றும்.

ரயர் விஷயம். நீங்கள் சொல்லும் அளவு மாற்றம் வண்டியின் அடியை ஏறக்குறைய 28 மில்லிமீற்றர்தான் உயர்த்தும். வேக மீற்றர் 100 காட்டும்போது உண்மை வேகம் 107 ஆகியிருக்கும். ஹுன்னஸ்கிரியவிலிருந்து கோர்பட்ஸ் கேப் கணவாய்க்கு ஏறும் ஏற்றத்தில் எஞ்சின் கூடுதலாகத் திணறும். 4எம்40 சூடேறினால் சிலிண்டர் ஹெட்டில் வெடிப்பு விழும் அபாயம் உண்டு, ஆகவே றேடியேற்றரைக் கழற்றிக் கழுவாமல் பெரிய ரயரை நினைக்கவே வேண்டாம். 265/75 ஆர்16 போதும் என்பது என் கருத்து. அதில் வேக வித்தியாசம் 3 சதவீதம் சொச்சம்தான்.

முன்பக்கத்தில் ஸ்பிரிங் வேலை செய்யும் முறுக்குக் கம்பியான டோர்ஷன் பாரின் போல்ட்டை இறுக்கினால் வண்டி எழும், சரி. ஆனால் சில்லு கீழே இறங்கும் தூரம் குறைந்து, சில்லுக்குச் சுழற்சியைக் கடத்தும் சீவி ஜாயின்ட் வளைந்தே ஓடும். அதன் றப்பர் உறை கிழியும். ஓர் அங்குலத்தோடு நிறுத்துங்கள். இறுக்கியவுடன் வீல் அலைன்மென்ட் செய்யுங்கள்.

கேள்வி: வில்பத்து மணலில் ரயர் காற்றை எவ்வளவு குறைப்பது? (புத்தளம் வாசகர்)

பதில்: 20 பிஎஸ்ஐ அளவில் மெதுவாக ஓட்டுங்கள். பூங்காவுக்குள் நினைத்த இடத்தில் இறங்க அனுமதி இல்லை, அதனால் வாயிலிலேயே குறைத்துக்கொள்ளுங்கள். காற்று அடிக்கும் சிறு கம்ப்ரஸர் ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும். தார் ரோட்டில் ஏறுவதற்கு முன் திரும்ப நிரப்ப வேண்டும்.