மீத்தேன் கோடுகள் தலைகீழாக மடிந்து தெரிவது பற்றி

வணக்கம். இரண்டு லேசர் சீப்புகளை வைத்து மீத்தேன் வாயுவை அளக்கும்போது அதன் உறிஞ்சு கோடுகளில் சில தலைகீழாக மடிந்து தெரிகின்றன, லேசர்களில் கோளாறா என்று கேட்டிருந்தீர்கள். லேசர்களைச் சந்தேகிக்க வேண்டாம். நீங்கள் கொடுத்த எண்களிலேயே விடை இருக்கிறது: இரண்டு சீப்புகளின் (சம இடைவெளியில் பல அலைவெண்களைத் தரும் துடிப்பு லேசர்கள்) துடிப்பு வீதமும் 100 மெகாஹெர்ட்ஸ், அந்த வீதங்களின் வேறுபாடு 2 கிலோஹெர்ட்ஸ், ஒளி 1620 முதல் 1680 நானோமீட்டர் வரை.

மடியாமல், அதாவது கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல், அளக்கக்கூடிய ஒளி அலைவெண் அகலம் = துடிப்பு வீதத்தின் வர்க்கம் ÷ (2 × வேறுபாடு). உங்களுக்கு அது 2.5 டெராஹெர்ட்ஸ், 1650-க்கு அருகே சுமார் 23 நானோமீட்டர்தான். நீங்கள் 60 அனுப்புகிறீர்கள். மிச்சம் திரும்பி வந்து முதல் பகுதியின் மேலேயே விழுகிறது.

உறுதிசெய்ய, ஒரு சீப்பின் ஆஃப்செட் அலைவெண்ணை (சீப்பின் பற்கள் எல்லாவற்றையும் ஒரே அளவு நகர்த்தும் அலைவெண்) கொஞ்சம் நகர்த்துங்கள். சில கோடுகள் ஒரு பக்கமும் சில எதிர்ப்பக்கமும் ஓடினால் சந்தேகமே இல்லை, மடிப்புதான்.

டிடெக்டருக்குப் பின்னால் 50 மெகாஹெர்ட்ஸ் லோபாஸ் ஃபில்டர் (அதற்கு மேற்பட்ட மின்சிக்னலைத் தடுப்பது) இருக்கிறதே என்கிறீர்கள். அது இதற்கு உதவாது. மடிந்த கோடுகளும் மின்சிக்னலில் அந்த 50-க்குள்ளேதான் (துடிப்பு வீதத்தின் பாதி) விழுகின்றன, எனவே வடிகட்டல் ஒளியிலேயே நடக்க வேண்டும். 1640–1660 நானோமீட்டர் ஒளியை மட்டும் விடும் பேண்ட்பாஸ் ஃபில்டர் போட்டால் மீத்தேனின் ஆர் கிளையில் (அதன் கோடுகளின் ஒரு தொகுதி) பெரும்பகுதி கிடைக்கும். 1666 அருகே நெருக்கமாக நிற்கும் க்யூ கிளை என்ற இன்னொரு தொகுதி போய்விடும்.

அதுவும் வேண்டுமென்றால் வேறுபாட்டை 500 ஹெர்ட்ஸாகக் குறையுங்கள். அகலம் 10 டெராஹெர்ட்ஸ் ஆகும், 60 நானோமீட்டர் தாராளமாக அடங்கும். ஆனால் ஒரு இன்டர்ஃபெரோகிராமுக்கு (இரு சீப்புகளும் குறுக்கிட்டுத் தரும் ஒரு முழுப் பதிவு) 2 மில்லிசெகண்ட் ஆகும், சீப்புகளின் பரஸ்பர ஒத்திசைவு அதுவரை தாங்கவேண்டும். ஒன்றோடொன்று பூட்டப்படாமல் சுதந்திரமாக ஓடும் லேசர்கள் என்றால் நான் ஃபில்டரையே தேர்ந்தெடுப்பேன்.

எதைச் செய்தாலும் ஆஃப்செட்டைச் சரிசெய்து, சிக்னல் 0-வையும் 50 மெகாஹெர்ட்ஸையும் தொடாமல் நடுவில் வையுங்கள்.