ராடு வைத்தாயிற்று, காலை ஊன்றலாமா?

குற்றாலத்துப் பாறை வழுக்கலும் நான்கு வழிச் சாலையும் சேர்ந்து இந்த மாதக் கடிதங்களை நிரப்பிவிட்டன. எந்த எலும்பு, உள்ளே வைத்திருப்பது எலும்புக்குள் செருகும் ராடா, எலும்பின் மேல் ஸ்க்ரூ போட்டு இறுக்கும் பிளேட்டா, எத்தனை வாரம் ஆயிற்று என்ற மூன்றும் பாதிக் கடிதங்களில் இல்லை. "காலில் கம்பி இருக்கிறது, நடக்கலாமா?" என்று ஒற்றை வரி எழுதுகிறவருக்கு ஜோசியர்தான் பதில் சொல்ல முடியும். அவற்றை ஒதுக்கிவிட்டேன்.

கீழ்க்கால் எலும்பு முறிந்து ராடு வைத்து 5 வாரம் ஆகிறது. வலி துளியும் இல்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டலாமா? (சுரண்டை)

கூடாது. வலி இல்லை என்றால் எலும்பு கூடிவிட்டது என்று அர்த்தமில்லை. ராடு ஆடாமல் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். கீழ்க்கால் எலும்பு கூட நான்கைந்து மாதம் ஆகும். ராடு எலும்பின் நடுக்குழிக்குள் நின்று சுமையை எலும்போடு பங்கிட்டுக்கொள்வதால் உங்களை நடக்கச் சொல்லியிருப்பார்கள். நடங்கள், நல்லது. கிக்கரை உதைப்பதும், சாய்கிற வண்டியை ஒற்றைக் காலில் தாங்குவதும் வேறு கதை. நேராக இறங்கும் எடையைப் பொறுக்கும் எலும்பு இந்தக் கட்டத்தில் முறுக்கைப் பொறுக்காது.

தொடை எலும்பில் வைத்த பிளேட் 4 மாதத்தில் உடைந்துவிட்டது. வாழைத்தார் சுமந்தேன், வேறொன்றும் செய்யவில்லை. மட்டமான இரும்பை வைத்து ஏமாற்றிவிட்டார்களா? (களக்காடு)

"வேறொன்றும் செய்யவில்லை" என்கிறீர்கள். இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும்? கட்டுக்கம்பியைக் கையில் முன்னும் பின்னும் வளைத்துப் பாருங்கள். முதல் தடவையில் உடையாது, இருபதாவது தடவையில் உடையும். நீங்கள் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் பிளேட் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்து நிமிர்கிறது. ஒரு நாளைக்குச் சில ஆயிரம் அடிகள். அதோடு தோளில் 15, 20 கிலோத் தார். காலடியில் வழுக்கும் வரப்பு. எலும்பு கூடினால் சுமை அதன் மேல் போய்விடும், பிளேட் தப்பிக்கும். கூடத் தாமதமானால் எந்த நாட்டு இரும்பானாலும் ஒரு நாள் உடையத்தான் செய்யும்.

ஆகவே புதுப் பிளேட் வைப்பதோடு விட்டுவிடாதீர்கள். எலும்பு ஏன் கூடவில்லை என்று பார்க்கச் சொல்லுங்கள்: உள்ளே சீழ் இருக்கிறதா, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா, முறிவில் இடைவெளி விட்டுப்போயிற்றா. கடைசி வரியில் "பீடியைக் குறைத்துவிட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். குறைத்தால் போதாது, விட வேண்டும். முக்கூடலிலிருந்து மேலப்பாளையம் வரை பீடி சுற்றிப் பிழைக்கும் சீமையில் இருந்துகொண்டு இதைச் சொல்வது எனக்கும் சங்கடம்தான். ஆனாலும் புகை முறிவுக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது.

முறிந்த எலும்பு அசையவே கூடாது என்கிறார் ஒரு மருத்துவர். லேசான அசைவு நல்லது என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது? (அம்பாசமுத்திரம் ஆசிரியை)

இந்த மாதத்தின் நல்ல கேள்வி. இருவரையும் நம்பலாம். எலும்பு கூடுவதை ஆராய்ந்த சுவிட்சர்லாந்தின் ஸ்டீபன் பெரன் சொன்ன கணக்கு இது: முறிவின் இடைவெளி அசைவால் 2 சதவீதத்துக்குள் நீண்டு சுருங்கினால் எலும்பு நேரடியாகவே கூடும். 10 சதவீதம் வரை முதலில் குருத்தெலும்பு வரும், பிறகு அது எலும்பாக மாறும். எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் திரண்டு தெரியும் கேலஸ் அப்படி உண்டாவதுதான். அசைவு அதையும் தாண்டினால் வெறும் நார்தான் மிஞ்சும். இடைவெளி 1 மி.மீ. என்றால் 2 சதவீதம் என்பது 0.02 மி.மீ. பிளேட் வைத்து இறுக்கிய முறிவுக்கு முதல் கணக்கு, ராடு வைத்ததற்கு இரண்டாவது.

சிமெண்ட் இல்லாமல் பொருத்தும் செயற்கை மூட்டுக்கும் இதே நியாயம்தான். உலோகத்துக்கும் எலும்புக்கும் நடுவே அசைவு 50 மைக்ரானுக்குள் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருந்தால் எலும்பு உலோகத்தைப் பற்றிக்கொண்டு வளரும். 150ஐத் தாண்டினால் நார் படர்ந்து மூட்டு தளர்ந்துவிடும். பல் மருத்துவர் டைட்டானியம் திருகை வைத்துவிட்டு, பல் கட்ட 3 மாதம் கழித்து வரச் சொல்வதும் பெரும்பாலும் இதனால்தான்.

ஆச்சிக்கு 78 வயது. இடுப்பு முறிந்து ஆபரேஷன் ஆயிற்று. மறுநாளே நடக்க வைக்கச் சொன்னார்கள். நாங்கள் பயந்து 2 மாதமாகக் கட்டிலை விட்டு இறக்காமல் தாங்குகிறோம். இப்போது உட்காரவே மாட்டேன் என்கிறார். என்ன டானிக் கொடுக்கலாம்? (தென்காசி)

டானிக் கிடையாது. மறுநாளே எழுப்புங்கள் என்று சொன்னவருக்கு ஆச்சி மேல் உங்களை விடப் பாசம் குறைவு என்று நினைத்தீர்களா?

இந்தக் காட்சியைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. ஆபரேஷன் நன்றாக முடிந்திருக்கும். வீட்டுக்குப் போனதும் பேத்தி இட்லியைப் பிட்டு வாயில் ஊட்டுவாள், மகன் பெட்பேன் வைப்பார். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வரும் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு தடவை "அசையாமல் படுத்திருங்கள் ஆச்சி" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். மூன்றாவது வாரம் முதுகின் அடியில் புண். அடுத்து நெஞ்சில் சளி. காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. முறிவு கொல்லாதவர்களைக் கட்டில் கொன்றுவிடுகிறது.

படுத்திருந்தால் இடுப்புக்கு ஓய்வு என்பதும் தவறு. நடக்கும்போது உடல் எடையைப் போல் இரண்டரை, மூன்று மடங்கு விசை இடுப்பு மூட்டில் இறங்குவது உண்மைதான். ஆனால் பெட்பேனுக்காக இடுப்பைத் தூக்கும்போதும் தசைகள் இறுக்கி மூட்டை நன்றாகவே அழுத்துகின்றன. எலும்பு தன்மேல் விழும் சுமைக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் என்று ஜெர்மனியின் அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892லேயே எழுதிவைத்துவிட்டார். விண்வெளிக்குப் போகிறவர்கள் எடையற்று மிதப்பதால் இடுப்பு எலும்பின் அடர்த்தி மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் கரைகிறது. ஆச்சியை விண்வெளிக்கு அனுப்பாமலே அந்த வேலையை நீங்கள் கட்டிலில் செய்துகொண்டிருக்கிறீர்கள். எலும்பு கரைந்தால் ஸ்க்ரூவுக்கும் பிடிமானம் போய்விடும்.

இனி அவசரப்பட்டு அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தாதீர்கள். முதலில் எக்ஸ்ரே. ஆபரேஷன் செய்தவர் சரி என்றால், கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள், தலைசுற்றல் அடங்கட்டும். பிறகு வாக்கர், அறைக்குள் நாலு அடி, அடுத்த நாள் எட்டு. கூடவே பிசியோதெரபிஸ்ட் இருக்கட்டும். சாப்பாட்டை இனி நாற்காலியில்தான் கொடுக்க வேண்டும்.

20 கிலோ மட்டும் ஊன்று என்றார் மருத்துவர். அது எவ்வளவு என்று எப்படித் தெரியும்? (வீரவநல்லூர்)

எடை பார்க்கும் மெஷின் ஒன்று வாங்குங்கள். நல்ல காலுக்கு அதே உயரத்தில் ஒரு பலகை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு, ஆபரேஷன் ஆன காலை மெஷின் மேல் வைத்து, முள் 20க்கு வரும் வரை அழுத்துங்கள். அந்த அழுத்தம் பாதத்துக்குப் பழக வேண்டும். தினமும் காலையில் ஒரு தடவை சரிபாருங்கள். சரிபார்க்காவிட்டால் இரண்டு நாளில் எல்லோரும் தெரியாமலே 40க்குப் போய்விடுவார்கள்.

பிரண்டை சாப்பிட்டால் எலும்பு சீக்கிரம் கூடுமா? (பணகுடி)

துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள், ருசியாக இருக்கும். எக்ஸ்ரே தேதியைத் தள்ளிப்போடாதீர்கள்.

ராடு வைத்த காலை எண்ணெய் போட்டு உருவலாமா? (கடையம்)

உருவுகிறவரிடம் எக்ஸ்ரேயைக் கொடுத்து, ஸ்க்ரூ எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

முன்கையில் பிளேட் வைத்து 2 வருடம் ஆகிறது. தொந்தரவில்லை. பனை ஏறுகிறேன். எடுத்துவிட வேண்டுமா? (திசையன்விளை)

தொந்தரவில்லை என்றால் ஏன் எடுக்க வேண்டும்? பிளேட்டின் எஃகு, எலும்பைப் போல் ஏறக்குறைய 10 மடங்கு விறைப்பு. சுமையைத் தானே வாங்கிக்கொள்வதால் அதன் அடியில் இருக்கும் எலும்பு மெலிந்திருக்கும். எடுத்த பிறகு ஸ்க்ரூ இருந்த ஓட்டைகளும் பலவீனம். அந்தக் கையால் மரத்தைக் கட்டிப்பிடித்து ஏறினால் மறுபடி முறியலாம். எடுத்தே தீர வேண்டும் என்றால் பதநீர்க் காலம் முடிந்து ஆடி, ஆவணியில் எடுங்கள். நாலு மாதம் மரம் ஏறாதீர்கள். பிறகு எக்ஸ்ரே. வலி இல்லை என்பதை மட்டும் நம்பிக் கயிற்றைக் கையில் எடுக்காதீர்கள்.

வலது இடுப்பில் ஆபரேஷன். கம்பை எந்தக் கையில் பிடிப்பது? (கல்லிடைக்குறிச்சி)

இடது கையில். அடியில் ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.