4-ல் மட்டும் ஓடும் ஹீட்டர் விசிறி

கேள்வி: குன்னூரில் இருக்கிறேன். கார் வாங்கி 11 வருடம் ஆகிறது. ஹீட்டர் விசிறி 1, 2, 3-ல் ஓடுவதில்லை, 4-ல் வைத்தால் மட்டும் ஓடுகிறது. ஆறு மாதத்துக்கு முன்பு இதே கோளாறு வந்து ரெசிஸ்டர் மாற்றினோம். இப்போது மெக்கானிக் மோட்டாரை மாற்றச் சொல்கிறார். 4-ல் ஓடுகிற மோட்டாரை எதற்கு மாற்ற வேண்டும்?

பதில்: 4-ல் ஓடுகிறது என்பதற்காக மோட்டார் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. உங்கள் மெக்கானிக் சொல்வதில் விஷயம் இருக்கலாம். ஆனால் சோதித்துப் பார்க்காமல் மாற்றவும் வேண்டாம்.

ஹீட்டருக்கும் ஏசிக்கும் விசிறியைச் சுற்றுவது ஒரே மோட்டார்தான், இதைத்தான் புளோயர் மோட்டார் என்பார்கள். கையால் திருப்பும் சாதாரண ஸ்விட்ச் உள்ள கார்களில், 1 முதல் 3 வரை கரண்ட் ரெசிஸ்டர் வழியாகப் போகும். அது கரண்ட்டைத் தடுத்து விசிறியின் வேகத்தைக் குறைக்கும். 4-ல் ரெசிஸ்டரைத் தொடாமல் நேராக மோட்டாருக்குப் போய்விடும். அதனால் உங்கள் காரில் இப்போது போயிருப்பது பெரும்பாலும் ரெசிஸ்டராகத்தான் இருக்கும். (ஆட்டோமேட்டிக் ஏசி உள்ள கார்களில் வேகத்தை மின்னணு மாட்யூல் கட்டுப்படுத்தும். அங்கே இந்தக் கணக்கு பொருந்தாது.)

ஆனால் ஆறே மாதத்தில் ஏன் மறுபடி எரிந்தது? இதைத்தான் பலரும் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். ரெசிஸ்டர் வேலை செய்யும்போது சூடாகும். அந்தச் சூட்டை விசிறியின் காற்றே தணிக்கட்டும் என்றுதான் அதைக் காற்றுப் பாதைக்குள் வைத்திருக்கிறார்கள். காற்று குறைந்தாலோ, மோட்டார் அதிக கரண்ட் இழுத்தாலோ சூடு எல்லை மீறும். உடனே ரெசிஸ்டரில் உள்ள வெப்ப ஃபியூஸ் அறுந்துவிடும்.

முதலில் கேபின் ஃபில்டரை, அதாவது காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் ஃபில்டரை, கழற்றிப் பாருங்கள். உங்கள் ஊரில் சில்வர் ஓக் மரத்தடியில் கார் நிற்கும். முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள சல்லடை வழியாகச் சருகு உள்ளே இறங்கும். ஃபில்டர் இல்லாத கார் என்றால் அது நேராக விசிறிக்கே போய்விடும்.

அடுத்தது மோட்டார். பெரும்பாலான கார்களில் இடது பக்க குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். சாவியை எடுத்துவிட்டு, கப்ளரை (வயரை இணைக்கும் பிளாஸ்டிக் பிளக்) கழற்றி, விசிறியைக் கையால் சுற்றிவிடுங்கள். நல்ல மோட்டார் கையை எடுத்த பிறகும் கொஞ்சம் சுழன்றுதான் நிற்கும். பிடித்தது போல் உடனே நின்றால் புஷ் (மோட்டார் தண்டைத் தாங்கும் வளையம்) காய்ந்திருக்கிறது. குளிர்ந்த காலையில் கிறீச்சென்று கத்திவிட்டுப் பிறகு அடங்கும் மோட்டாரும் இதே கதைதான். எண்ணெய் விட்டால் சில நாள் தாங்கும், அவ்வளவுதான்.

சந்தேகம் தீரவில்லை என்றால், ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் 4-ல் ஓடவிட்டு கிளாம்ப் மீட்டரால் கரண்ட்டை அளக்கச் சொல்லுங்கள். கார் பேட்டரி தரும் டிசி (நேர்மின்) கரண்ட்டை அளக்கும் மீட்டராக இருக்க வேண்டும். வீட்டு வயரிங் வேலைக்கு வைத்திருக்கும் பல கிளாம்ப் மீட்டர்கள் வீட்டு மின்சாரமான மாறுதிசைக் கரண்ட்டை மட்டுமே காட்டும். புளோயர் ஃபியூஸ் 30 ஆம்பியர் என்றால், மோட்டார் அதைவிட நன்றாகக் குறைவாகவே இழுக்க வேண்டும். 30-ஐ நெருங்கினால் மோட்டாரை மாற்றுங்கள், கூடவே ரெசிஸ்டரையும் மாற்றிவிடுங்கள். விசிறி லேசாகச் சுற்றி, கரண்ட்டும் சரியாக இருந்தால் ரெசிஸ்டர் மட்டும் போதும். மோட்டாரைவிட விலை மிகவும் குறைவு.

எதை மாற்றினாலும் ரெசிஸ்டரின் கப்ளரைப் பார்க்காமல் விடாதீர்கள். பிளாஸ்டிக் பழுப்பேறி, ஒரு முனை உருகியிருந்தால், புதிய ரெசிஸ்டரும் அதே இடத்தில் கருகும். கப்ளரை வயர்த் துண்டோடு மாற்ற வேண்டும்.

இரண்டு விஷயத்தை மட்டும் யாரையும் செய்ய விடாதீர்கள். அறுந்த வெப்ப ஃபியூஸுக்குப் பதில் கம்பி வைத்து ஒட்டுவது ஒன்று. ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று பெரிய ஆம்பியர் ஃபியூஸ் போடுவது இன்னொன்று. சுற்றிலும் பிளாஸ்டிக்கும் சருகும் இருக்கிற இடம் அது, தீப்பிடித்துவிடும். புது ரெசிஸ்டரை வெளியே தொங்கவிட்டு ஓட்டிப் பார்ப்பதும் கூடாது. காற்றில்லாமல் சீக்கிரமே எரிந்துவிடும்.

நாளை 4-லும் ஓடாமல் போனால் ஃபியூஸ், ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்), எர்த் (கார் பாடியோடு சேரும் வயர்) என்று வரிசையாகப் பாருங்கள். மோட்டார் கப்ளரில் 12 வோல்ட் வந்தும், எர்த் சரியாக இருந்தும் ஓடவில்லையா? மோட்டாரை லேசாகத் தட்டுங்கள். தட்டியதும் ஓடினால், மோட்டாருக்குள் சுழலும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம்.

சரி, வேலை முடியும் வரை மலைப்பாதையில் என்ன செய்வது? தீய்ந்த வாடை வராத வரை 4-ல் ஓட்டலாம். வாடை வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். கண்ணாடியில் உள்பக்கம் பனி படிந்தால் வெளிக்காற்று வரும்படி வைத்து, சூட்டைக் கூட்டி, ஏசியையும் சேர்த்துப் போடுங்கள். ஏசி காற்றின் ஈரத்தை எடுத்துவிடும். விசிறி அடியோடு நின்றிருந்தால், மூடுபனி நேரத்தில் மேட்டுப்பாளையம் இறக்கத்துக்கு அந்தக் காரை எடுக்காதீர்கள்.